பசி இல்லாத காலை

இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு இட்லித் தட்டு முன்னால் வரும்போது பதினொன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். பகலில் இத்தனை நேரம் வயிறு காய்ந்தால் எதிரே வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவோம். காலையில் மட்டும் பாதி வீடுகளில் "இப்ப வேணாம்மா, பசிக்கல" என்ற குரல்தான் கேட்கிறது. அதே ஆள் அம்மாவின் வற்புறுத்தலுக்காக நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் போனால், பதினொரு மணிக்கே பசிக்கிறது என்பார். சாப்பிடாதபோது சும்மா இருந்த வயிறு, சாப்பிட்ட மூன்றாவது மணி நேரத்தில் கூப்பிடுகிறது. இது என்ன கணக்கு?

இந்தக் கணக்கை ஆம்பூர்ப் பக்கம் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் காலை சீக்கிரமே தொடங்கிவிடும். ஷூ கம்பெனிகளின் பஸ்கள் ஊர் ஊராகப் புகுந்து ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ் ஒன்றில் போகும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதனூருக்குப் பக்கத்து ஊர். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறார். ஐம்பது கிலோ எடை. இரவு ஒன்பது மணிக்குச் சோறும் குழம்பும். காலை நாலே முக்காலுக்கு எழுந்து, சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, ஆறே முக்காலுக்கு பஸ் ஏறுவார். வீட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், எடை இருபது கிலோ. இருவரும் நம் கணக்குக்காக உருவானவர்கள். அதனால் பெயர் வைக்கவில்லை.

கல்லீரலின் இரவுப் பணி

நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. வளர்ந்தவரின் மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், வேண்டும். இரவில் இதை யார் கொடுப்பது? பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1857இல் கல்லீரலிலிருந்து மாவுச்சத்தைப் போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கிளைக்கோஜன் என்று அதற்குப் பெயர். இந்த அத்தியாயத்தில் 'சேமிப்புச் சர்க்கரை' என்போம். சாப்பிட்டவுடன் உபரியாக வரும் குளுக்கோஸைக் கல்லீரல் இப்படிக் கட்டி வைத்து, வரத்து நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து ரத்தத்தில் விடுகிறது.

நம் தையல்காரப் பெண்ணின் கல்லீரலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 80 கிராம் சேமிப்பு இருப்பதாக வைப்போம். அவர் எடைக்கு ஓய்வு நேரத்தில் மணிக்கு 6 கிராம் அளவில் ரத்தத்துக்குச் சர்க்கரை போக வேண்டும். ஒன்பது மணிக்கு உண்ட சோறு நள்ளிரவு தாண்டியும் செரித்துக்கொண்டிருக்கும். ஆகவே சேமிப்பில் கைவைப்பது ஒரு மணிக்கு என்று கொள்வோம். காலை ஏழு வரை ஆறு மணி நேரம், 36 கிராம். அதிலும் ஒரு பகுதியைக் கல்லீரல் வேறு பொருள்களிலிருந்து புதிதாகவே தயாரித்துக்கொள்ளும். ஆக, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது அவர் கையிருப்பில் பாதிக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. 'காலையில் சாப்பிடாவிட்டால் மூளைக்கு எரிபொருள் இருக்காது' என்ற பேச்சு, நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெரியவர்களைப் பொறுத்தவரை மிகை.

விடியற்காலையில் இன்னொன்றும் நடக்கிறது. நாம் விழிக்குமுன்பே கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் உயர்ந்து, 'ஆள் எழப் போகிறார், சர்க்கரையை அவிழ்த்து விடு' என்று கல்லீரலுக்குச் சொல்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலைல வெறும் வயித்துல எப்படி 150 காட்டுது?" என்று குழம்புவதற்கு விடை இதில் இருக்கிறது. விடியல் ஏற்றம் என்று இதைச் சொல்லலாம். உணவு வராமலே ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும் அந்த நேரத்தில் உடம்புக்குச் சாப்பாட்டைத் தேடும் அவசரம் இல்லை.

பசிக்கும் நேரம் உண்டு

கையிருப்பு இருக்கிறது என்பது பாதி விடைதான். மீதிப் பாதி 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. பிராங்க் ஷீர் குழுவினர் பன்னிரண்டு பேரைப் பதின்மூன்று நாள் ஆய்வுக்கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு 'நாள்' என்பது 24 மணி அல்ல, 20 மணி. உறக்கமும் உணவும் அந்தச் செயற்கை நாளின்படி நகர்ந்துகொண்டே போயின. வெளியுலகின் நேரம் தெரியாது. இப்படிச் செய்தால், சாப்பிட்டு எத்தனை மணி ஆயிற்று என்பதன் விளைவு தனியாகவும், உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் விளைவு தனியாகவும் பிரிந்து தெரியும்.

உடற்கடிகாரத்தின்படி பசி மிகத் தாழ்ந்திருந்தது காலை எட்டு மணி அளவில். மிக உயர்ந்திருந்தது இரவு எட்டு மணி அளவில். கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்பதைத் தாண்டி இந்த ஏற்ற இறக்கம் இருந்தது. ஆகவே காலையில் பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. இரவில் பூனைபோல் சமையலறைக்குள் நுழையும் அப்பாவும் வேண்டுமென்று செய்யவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அதே குழுவினரின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே உணவைக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கொடுத்துப் பார்த்தபோது, இரவில் ரத்தச் சர்க்கரை 17 விழுக்காடு அதிகமாக இருந்தது. உடம்பு உணவை நன்றாகக் கையாளும் நேரத்தில் பசி குறைவு. சரியாகக் கையாளாத நேரத்தில் பசி அதிகம். நம் இரவு பரோட்டாக் கடைகள் பிழைப்பது இந்த முரணில்தான்.

சஹர் கற்றுத் தரும் பாடம்

அப்படியென்றால் காலையில் பசியே வராதா? வரும், பழக்கினால் வரும். 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவதால் அதைப் பசியூக்கி என்போம். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க இது ரத்தத்தில் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. எந்த நேரத்தில் வழக்கமாகச் சாப்பிடுகிறோமோ அந்த நேரத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து ஏறும் குணமும் இதற்கு உண்டு.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ரமலான் மாதம் வந்தால் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். வழக்கமான நாஷ்டா (காலைச் சிற்றுண்டி) நேரம் மறைந்து, விடியுமுன் சஹர் உணவு வருகிறது. முதல் சில நாள் அந்த நேரத்தில் வாயில் எதுவும் இறங்காது. வழக்கமாக நாஷ்டா சாப்பிடும் எட்டு ஒன்பது மணிக்கு வயிறு கிள்ளும். நாள் போகப் போக இரண்டும் பழகிவிடும் என்று நோன்பு வைப்பவர்கள் சொல்வார்கள். நோன்பு முடிந்த பிறகு அதிகாலையில் தானாக விழித்து எதையாவது தேடுகிறவர்களும் உண்டு. பசியூக்கிக்குக் காலண்டர் தெரியாது, நேற்றைய பழக்கம்தான் தெரியும்.

பன்னும் டீயும், இட்லியும்

இனிப் பதினொரு மணிப் பசிக்கு வருவோம். நம் தையல்காரப் பெண்ணுக்கு வீட்டில் சாப்பிட நேரமில்லை. கம்பெனி வாசலில் பஸ் நின்றதும் டீக்கடையில் ஒரு டீ, ஒரு பன். பன் மைதா, டீயில் சர்க்கரை. இரண்டும் மளமளவென்று செரித்து, அரை மணி முதல் முக்கால் மணிக்குள் ரத்தச் சர்க்கரை உச்சிக்குப் போகும். அதை இறக்க இன்சுலின் வரும். ஏறியது வேகமாக இருந்தால் இறங்குவதும் சில நேரம் அளவு மீறிப் போகும். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில், சாப்பிடுமுன் இருந்த நிலைக்கும் கீழே. இதைச் சரிவு என்போம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சர்க்கரையை இடைவிடாமல் அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தச் சரிவு யாருக்குப் பெரிதாக இருந்ததோ அவர்களுக்குப் பசி சீக்கிரம் வந்தது, அன்று அவர்கள் கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாதவருக்கு இந்த ஏற்றமும் இல்லை, சரிவும் இல்லை. நாம் தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு விடை கிடைத்துவிட்டது.

இட்லி இதில் எங்கே நிற்கிறது? வெறும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் பன்னைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அரிசி ஆவியில் வெந்து மிருதுவாகிவிடுவதால் எளிதில் சர்க்கரையாகிறது. உளுந்தின் புரதம் கைகொடுக்கிறது. பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பாரோ வேர்க்கடலைச் சட்னியோ சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், உச்சி தணியும், சரிவும் தணியும். பக்கத்தில் இருக்கும் பொருளைப் பொறுத்தே இட்லியின் குணம்.

இந்த வட்டாரத்தின் பழைய காலை உணவு இட்லி இல்லை. கேழ்வரகுக் கூழும் களியும் பழைய சோறும்தான். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றின் உண்மையான சிறப்பு இதுவும் அதன் புளிப்பும்தான். இரவோடு இரவாக அதில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். பானைக்குள் இரும்பைப் படைக்க எந்தப் பாக்டீரியாவாலும் முடியாது. இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைப் புளிப்பு எளிதாக்கும். அந்த அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பாயாவும் பதனிட்ட தோலும்

ஆம்பூர் நாஷ்டா என்றால் பலருக்கு ஆட்டுக்கால் பாயாதான் ஞாபகம் வரும். இடியாப்பமோ பரோட்டாவோ அதில் ஊறிக் கிடக்கும். கால் எலும்பைச் சுற்றியுள்ள தசைநார், தோல் எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம். மணிக்கணக்கில் கொதிக்கும்போது அதன் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. குழம்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். அதே ஆட்டின் தோல் தோல் ஷாப்புக்குப் போகிறது. அங்கே செய்வது நேர் எதிர் வேலை: கொலாஜன் எந்த வெந்நீரிலும் எளிதில் கரைந்துவிடாதபடி இழைகளைக் குரோம் உப்பாலோ மரப்பட்டைச் சாற்றாலோ ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். ஒரே புரதம், ஒரு தெருவில் ஷூ ஆகிறது, அடுத்த தெருவில் நாஷ்டா ஆகிறது.

பாயா முழுமையான புரதம் அல்ல. டிரிப்டோபேன் என்ற முக்கியமான அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை. அரிசி, உளுந்துடன் சேரும்போது அந்தக் குறை நீங்கும். கொழுப்பும் இருப்பதால் வயிற்றில் நெடுநேரம் நிற்கும். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிறவருக்குக் குற்றமில்லை.

மரப்பட்டை என்றதும் இன்னொன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்துவது அவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளால். டீயின் துவர்ப்புக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் காரணம். தோலில் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தத் துவர்ப்பு, குடலில் கீரை, தானியங்களின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. ரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்கள் டிபனோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே பலன் உண்டு. பத்து மணி டீ இடைவேளை இதற்குப் பொருத்தமான நேரம்.

ராஜா மாதிரி சாப்பிடணுமா?

காலையில் ராஜா மாதிரியும் இரவில் ஏழை மாதிரியும் சாப்பிடச் சொல்லும் அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். காலை உணவே தலையாயது என்ற கருத்தை 1917இலேயே ஓர் அமெரிக்கச் சுகாதாரப் பத்திரிகை எழுதிவிட்டது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர், கார்ன் ஃபிளேக்ஸ் உருவான கதையில் வரும் அதே ஜான் ஹார்வி கெல்லாக். யார் சொன்னது என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

சோதனைகள் சொல்வது வேறு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் பதின்மூன்று சோதனைகளைத் தொகுத்து 2019இல் எழுதியபடி, காலை உணவு சாப்பிட்டவர்கள் நாளுக்கு 260 கலோரி கூடுதலாகத்தான் உண்டார்கள். அதைத் தவிர்த்தவர்கள் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மெலிந்திருந்தார்கள். 'காலையில் சாப்பிடாவிட்டால் குண்டாகிவிடுவாய்' என்பது நிற்கவில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பெட்ஸ் குழு 2014இல் நடத்திய ஆறு வாரச் சோதனையிலும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் காலையில் சாப்பிட்டவர்கள் பகலில் தம்மை அறியாமலே கூடுதலாக நடமாடினார்கள். வயிற்றுப்புண்ணுக்கும் காலைப் பட்டினியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மார்ஷலும் வாரனும் காட்டிய ஹெலிகோபேக்டர் பாக்டீரியாவும் வலி மாத்திரைகளுமே அதன் பெரிய காரணங்கள். அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 2005இல் நோபல் பரிசு.

முதல் வேளைக்கு ஒரு நன்மை உறுதி. 1920களின் தொடக்கத்தில் ஸ்டாப், டிராகாட் என்ற இருவர் தனித்தனியே கவனித்தது: இரண்டாவது முறை குளுக்கோஸ் கொடுக்கும்போது ரத்தத்தில் அது முதல் முறை அளவுக்கு ஏறுவதில்லை. காலையில் எதையாவது, அதிலும் பருப்போடு, சாப்பிட்டவருக்கு மதியச் சோறு அவ்வளவாகச் சர்க்கரையை ஏற்றாது. வேலூர்க்காரர்கள் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சராசரி 28 வயதில் சோதித்தபோது, அந்த இளம் வயதிலேயே சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

அம்மா பொறுப்பார், மகள்?

இப்போது மகளின் கணக்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூளை அளவில் பெரியவர்களின் மூளையை ஏறக்குறைய எட்டிவிட்டிருக்கும். அது எரிக்கும் சர்க்கரையோ அதிகம். டென்னிஸ் பீர் என்ற குழந்தை மருத்துவ ஆய்வாளர் 1977இல் அளந்து காட்டியபடி, குழந்தையின் உடல் தயாரிக்கும் குளுக்கோஸ் எடையைவிட மூளையின் அளவையே ஒட்டிச் செல்கிறது. இருபது கிலோ மகளுக்கும் மணிக்குக் கிட்டத்தட்ட 6 கிராம் வேண்டும். ஐம்பது கிலோ அம்மாவுக்கு எவ்வளவோ அவ்வளவு. கல்லீரலோ அம்மாவினுடையதைவிட மிகச் சிறியது. சேமிப்பை 35 கிராம் என்று வைப்போம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நள்ளிரவிலிருந்து காலை எட்டரை வரை தேவை 51 கிராம். கையிருப்பு போதாது. தசையையும் கொழுப்பையும் கரைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். நல்ல சதைப்பிடிப்புள்ள குழந்தை சமாளிக்கும். மெலிந்த குழந்தையிடம் கரைக்க என்ன இருக்கிறது?

ஜமைக்காவில் சாலி கிரந்தாம் மெக்கிரிகரும் அவர் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். 1989இல் வெளியான ஆய்வில், காலை உணவு தவறியபோது சத்துக் குறைந்த குழந்தைகளின் சிந்தனைச் சோதனை மதிப்பெண்தான் சரிந்தது. நன்றாக வளர்ந்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. 1998இல் வெளியான பெரிய ஆய்வில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கக் காலை உணவும், மறு பாதிக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கும் கொடுத்தார்கள். உணவு பெற்றவர்களின் வருகை, உயரம், எடை கூடின. சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். லாபம் அளவில் சிறியது, ஆனால் சரியாகத் திட்டமிட்ட சோதனையில் கிடைத்தது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. 50 கிராம் ரவையில் மாவுச்சத்து ஏறக்குறைய 35 கிராம். மணிக்கு 6 கிராம் என்று வகுத்தால் மதியச் சத்துணவு மணி அடிக்கும்வரை தாங்குகிறது. ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கும் அம்மாக்கள் உள்ள ஊரில் எட்டரை மணித் தட்டின் மதிப்பு அதிகம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இதுவரை காலையில் சாப்பிட்டே பழகாதவர், சாப்பிடாமலே நன்றாக வேலை செய்கிறவர் என்றால், இந்த அத்தியாயம் உங்களை வற்புறுத்தவில்லை. பத்து மணிக்குக் கை நடுங்குகிறது, தலை வலிக்கிறது, மதியம் இரண்டு மடங்கு சாப்பிட நேர்கிறது என்பவர்கள் தொடங்கலாம். தொடங்க வேண்டிய இடம் முந்தின இரவு: சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்துங்கள். காலையில் முதலில் கைப்பிடி அளவு போதும். ஒரு இட்லியும் நிறையச் சாம்பாரும், அல்லது ஒரு முட்டை, அல்லது ஒரு சொம்புக் கூழும் வறுத்த வேர்க்கடலையும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஓரிரு வாரத்தில் பசியூக்கி அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளும். அதன் பிறகு அளவைக் கூட்டலாம். பஸ் பிடிக்கிறவர்கள் டிபன் பாக்ஸின் மேல் தட்டில் காலைக்கும் கொஞ்சம் எடுத்துப் போகலாம். பன்னுக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. மருந்தைப் போட்டுக்கொண்டு காலை உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நேரத்தையோ அளவையோ மாற்றுமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.